துருக்கி மொழியும் நம் தெருப் பிள்ளைகளும்

அரசுக் கல்லூரி ஒன்றில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் சில வாரங்களுக்கு முன் நம்மைப் பார்க்க வந்தார். அம்மா ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை. தாத்தா காலமெல்லாம் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். அந்த மாணவி கைபேசியில் துருக்கித் தொடர்களைப் பார்த்து, அதில் ஈர்ப்பு வந்து, ஒரு வருடமாக இணையத்தில் அந்த மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டு வருகிறார். "கோடைக்காலத்துல துருக்கியில ஒண்ணு ரெண்டு மாசம் மொழி சொல்லித் தர்றாங்களாம். ஸ்காலர்ஷிப்பும் உண்டாம். எனக்கெல்லாம் குடுப்பாங்களாண்ணா?" என்று கேட்டார்.

கேள்வியை விட அந்த 'எனக்கெல்லாம்' என்ற சொல்தான் நம்மை உறுத்தியது. அதை அந்தப் பெண் பிறக்கும்போதே கொண்டு வரவில்லை. பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனபோது, "முதல்ல இங்கிலீஷ் ஒழுங்கா வரட்டும், அப்புறம் துருக்கி பார்க்கலாம்" என்று ஒரு ஆசிரியர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு நமக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போனபோது நம் தாத்தாக்கள் கேட்டார்கள். கல்லூரிக்குப் போனபோது நாம் கேட்டோம். இப்போது வெளிநாட்டு மொழி என்றதும் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

எந்த மொழியை யார் படிக்கலாம் என்பது இந்த நாட்டில் எப்போதுமே சாதிப் பிரச்சினைதான். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார் அம்பேத்கர். தீண்டத்தகாதவருக்குச் சொல்லித்தர முடியாது என்றார்கள். பாரசீகம் படித்தார். பிறகு சமஸ்கிருதத்தைத் தன் முயற்சியால் கற்றார், ஜெர்மனும் கற்றார். 1913-ல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். சம்பாதித்துச் சேர்த்து, கடன் வாங்கி, 1920-ல் மறுபடி போய் முடித்தார். உதவித்தொகை என்பது நம் வரலாற்றில் சின்ன விஷயமே அல்ல.

துருக்கிக்கே இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. கேரளத்தின் உழவூரில் ஓலைக் குடிசையில் பிறந்த தலித் பிள்ளை கே.ஆர். நாராயணன். டாடா உதவித்தொகையில் 1945-ல் லண்டன் போய்ப் படித்தார். 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 1973 முதல் 1975 வரை துருக்கியில் இந்தியத் தூதராக இருந்தார். 1997-ல் குடியரசுத் தலைவர் ஆனார். 'எனக்கெல்லாம்' என்று கேட்ட மாணவியிடம் நாம் முதலில் சொன்னது இதைத்தான்: அங்காராவில் இந்தியக் கொடி பறந்த காரில் நம்மவர் ஒருவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார், தாயி.

தமிழ் தெரிந்தவருக்குப் பாதி தெரியும்

துருக்கி மொழி கடினம் என்பது ஐரோப்பியர் சொல்வது. தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் பயம் வேண்டாம். நம்மைப் போலவே அவர்களும் வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைக்கிறார்கள். நம்மைப் போலவே ஒரு சொல்லின் வாலில் விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகிறார்கள். 'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' என்றால் வீடுகள். 'எவ்லெரிமிஸ்தெ' என்றால் நம் வீடுகளில். ஆங்கிலத்தில் மூன்று சொல் தேவைப்படும் இடத்தில் அவர்களுக்கு ஒரு சொல் போதும்.

'வார்' என்றால் உண்டு, 'யோக்' என்றால் இல்லை. நாம் 'வந்தானா' என்று கேட்க 'ஆ' சேர்ப்பது போல அவர்கள் 'கெல்தி மி' என்று 'மி' சேர்க்கிறார்கள். நாம் 'புத்தகம் கித்தகம்' என்போம். அவர்கள் 'கிதாப் மிதாப்' என்கிறார்கள். ஆஜர், வக்கீல், பாக்கி, மைதானம் என்று நாம் தினமும் புழங்கும் அரபு, பாரசீகச் சொற்களுக்கு அங்கே உறவுச் சொற்கள் உண்டு. 1928 முதல் லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். மொத்தம் 29 எழுத்துகள். எழுதியபடியே வாசிக்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலோடு பன்னிரண்டு வருடம் மல்லுக்கட்டிய பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

இரண்டு மொழிகளும் ஒரே குடும்பம் என்று சொல்ல வரவில்லை. அமைப்பில் ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான். ஆனால் ஆங்கிலம் சரளமாக வராத நம் பிள்ளைக்கு, தமிழ் மட்டும் தெரிந்திருப்பதே ஒரு மூலதனமாக மாறும் இடம் இது. அந்த ஆசிரியர் சிரித்ததற்கு நம் பதிலும் இதுதான்.

எந்தக் கதவு யாருக்கு

இணையத்தில் தேடினால் அமெரிக்க அரசின் முக்கிய மொழிகளுக்கான உதவித்தொகை முதலில் கண்ணில் படும். 2006-ல் தொடங்கியது. எட்டு முதல் பத்து வாரக் கோடைப் படிப்பு. துருக்கி மொழியும் அதில் ஒன்று. அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். நம் பிள்ளைகள் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

நமக்குத் திறந்திருப்பவை வேறு. துருக்கி அரசின் யூனுஸ் எம்ரே நிறுவனம் கோடைக்கால மொழிப் பள்ளி நடத்துகிறது. மக்கள் பேசிய எளிய துருக்கியில் பாடிய பழங்காலக் கவிஞர் ஒருவரின் பெயர் அதற்கு. ஏற்கெனவே மொழியைக் கற்கத் தொடங்கியவர்களில் இருந்தே அங்கு தேர்வு நடக்கும். அதே நிறுவனம் இணையத்தில் இலவசமாகப் பாடங்களும் வைத்திருக்கிறது. எனவே முதல் படி கைபேசியிலேயே இருக்கிறது.

இரண்டாவது, 'துருக்கியே புர்ஸ்லாரி' என்னும் அரசு உதவித்தொகை. இது கோடைப் படிப்பல்ல, முழுப் பட்டப் படிப்பு. இதில் முதல் ஒரு வருடம் மொழிப் படிப்பு. கல்விக் கட்டணம், மாத உதவி, தங்குமிடம், மருத்துவக் காப்பீடு, விமானச் சீட்டு எல்லாம் அடங்கும். இளநிலைக்கு 21 வயதுக்குள், முதுநிலைக்கு 30, முனைவர் பட்டத்துக்கு 35. இளநிலைக்கு 70 சதவீத மதிப்பெண், முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் 75 என்பது பொது விதி. மருத்துவப் படிப்புகளுக்கு 90. சமீப ஆண்டுகளில் ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20 வரை விண்ணப்பம் வாங்குகிறார்கள். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. 'நான் வாங்கித் தருகிறேன், இருபதாயிரம் கொடு' என்று எவராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது

நம் மாணவி கொண்டுவந்த முதல் கடிதம் 'நாங்கள் மிகவும் ஏழைக் குடும்பம்' என்று தொடங்கியது. மனு எழுதியே பழகிய சமூகம் நாம். தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் எழுதும் மொழியே கைக்கு வரும். ஆனால் போட்டி உதவித்தொகையில் தேர்வுக் குழு நம் வறுமையை மட்டும் எடைபோடுவதில்லை. ஏன் இந்த மொழி, இதுவரை நீ என்ன செய்தாய், திரும்பி வந்து என்ன செய்வாய் என்று மூன்று கேள்விகள் கேட்கும். அதற்கு விடை வேண்டும்.

உட்கார்ந்து பேசினோம். அவர் படித்து வைத்திருந்த ஒரு விஷயம் வெளியே வந்தது. இஸ்தான்புல்லைத் துருக்கியர் 1453-ல் கைப்பற்றிய பின், தோல் பதனிடும் தொழிலை மதில் சுவருக்கு வெளியே கஸ்லிச்செஷ்மே என்ற இடத்தில் அமைத்தார்கள். ஐந்து நூற்றாண்டுக்கு மேல் அங்கேதான் நடந்தது. 1990-களில் துஸ்லாவுக்கு மாற்றினார்கள். "நாத்தம் புடிச்ச தொழில்னு அங்கயும் ஊருக்கு வெளியதான் வச்சிருக்காங்கண்ணா. ஆனா அங்க அது சாதியாச்சா, இல்லையா? அதை அவங்க பாஷையிலயே படிக்கணும்" என்றார்.

இதைவிட வலுவான காரணத்தை எந்தப் பெரிய பல்கலைக்கழக மாணவரும் எழுத முடியாது. சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற தாத்தாவின் பேத்தி கேட்கும் கேள்வி அது. இரண்டாவது கடிதத்தை அதிலிருந்தே தொடங்கினார். எத்தனை மாதமாகப் படிக்கிறார், எந்தப் பாடம் வரை முடித்தார், திரும்பியதும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலாளர் வரலாற்றை இதோடு ஒப்பிட்டு முதுநிலை ஆய்வு செய்யப் போவது வரை எழுதினார். ஏழ்மை அதில் ஒரு வரிதான். அந்த ஒரு வரி போதும்.

மற்ற மாணவர்களுக்கும் சில நடைமுறை விஷயங்கள். பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள், ஒரு மாதம் முன்பே கேளுங்கள். உங்கள் மதிப்பெண், படித்தது, நோக்கம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி ஆசிரியர் கையில் கொடுங்கள். ஒருவர் சிரித்தால் அடுத்தவரிடம் போங்கள். நம் மாணவிக்கு வேறு துறைப் பேராசிரியை ஒருவர் அன்றே எழுதிக் கொடுத்தார்.

பாஸ்போர்ட்டை இப்போதே எடுங்கள். சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். பல தலைமை அஞ்சலகங்களிலேயே சேவை மையம் இருக்கிறது. நம் ஊரில் பெரிய சிக்கல் இனிஷியல். சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்து, மதிப்பெண் சான்றிதழில் வேறு எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. மூன்றையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் வெளிநாட்டு விண்ணப்பத்தைத் தொட வேண்டும். இல்லையென்றால் தேர்வாகியும் விசா நேரத்தில் நின்றுபோகும்.

பகை நாட்டு மொழி எதற்கு என்பவர்களுக்கு

துருக்கியோடு இந்தியாவின் உறவு இப்போது சரியில்லை. 2025 மே மாதம் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவும் துருக்கிக் கல்வி நிறுவனங்களுடனான ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தன. இந்த நேரத்தில் போக வேண்டுமா என்று பெற்றோர் தயங்குவது நியாயம். வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

ஆனால் மொழியைக் கற்பது வேறு. 1957-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா 1958-ல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. ரஷ்ய மொழி உள்ளிட்ட பிற மொழிகளைப் படிக்கப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்தது. எதிரியின் மொழி தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து என்று அவர்கள் நினைத்தார்கள். நம் வெளியுறவுப் பணியில் சேரும் ஒவ்வொருவரும் ஒரு அயல்மொழியைக் கட்டாயம் கற்கிறார். உறவு கெட்ட காலத்திலும் பேச ஆள் வேண்டும், படிக்க ஆள் வேண்டும், மொழிபெயர்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் சேரியில் இருந்து வரக்கூடாதா?

அரசுக்கும் நமக்கும்

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவருக்கான தமிழ்நாடு அரசின் அயலக உயர்கல்வி உதவியும் முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கானவை. அவை தேவை, வரவேற்கிறோம். ஆனால் இரண்டு மாத மொழிப் படிப்புக்குப் போகும் இளநிலை மாணவருக்கு அவற்றில் இடமில்லை. படிப்பும் தங்குமிடமும் இலவசமாகக் கிடைத்தாலும், விமானச் சீட்டும் விசாவும் கைச்செலவும் ஷூ கம்பெனிச் சம்பளத்தில் வராது. வசதியான வீட்டுப் பிள்ளை அப்பாவிடம் கேட்கும். நம் பிள்ளை கந்துக்காரரிடம் கேட்கும், அல்லது கனவை விட்டுவிடும்.

எனவே நாம் கேட்பது பெரிய தொகை அல்ல. வெளிநாட்டுக் குறுகிய கால மொழிப் படிப்புக்குத் தேர்வாகும் நம் மாணவருக்குப் பயணச் செலவைத் துறையே ஏற்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இயங்கும் கணினியும் இணையமும் வேண்டும். எந்த உதவித்தொகைக்கு எந்தத் தேதி என்று ஒவ்வொரு அரசுக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். செய்தி தெரியாததால் மட்டுமே நாம் இழந்த வாய்ப்புகளுக்குக் கணக்கே கிடையாது.

படித்து வேலைக்குப் போன நம்மவர்களுக்கும் கடமை இருக்கிறது. ஊருக்கு வரும்போது அம்பேத்கர் சிலைக்கு மாலை போடுகிறோம். நல்லது. அதோடு ஒரு மாணவரின் விண்ணப்பக் கடிதத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துத் திருத்திக் கொடுப்போம். பாஸ்போர்ட்டுக்கு ஒரு 1,500 ரூபாய் கொடுப்போம்.

நம் மாணவி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், போட்டி என்றால் அப்படித்தான். ஆனால் அனுப்பிவிட்டு வந்த அன்று அவர் கேட்ட கேள்வி மாறியிருந்தது. "இந்த வருஷம் வரலைன்னா அடுத்த வருஷம் எந்தத் தேதிண்ணா?" என்றார். 'எனக்கெல்லாம்' அதில் இல்லை.