முகத்துக்கு ஒரு ரேட்டு!

போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தி. பக்கத்து இலையில் சொந்தக்காரப் பையன் ஒருத்தன். எம்.பி.பி.எஸ். முடிச்சு ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறான். எதிர் வரிசையில் இருந்து அவன் பெரியப்பா குரல் கொடுத்தார்.

‘‘அப்புறம் தம்பி, மேல என்ன படிக்கப் போறே?’’

‘‘பீடியாட்ரிக்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன் பெரியப்பா.’’

பெரியப்பா சாம்பாரை மறந்துட்டார். ‘‘குழந்தை டாக்டரா? ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டுவாங்கடா! பேசாம ஸ்கின் எடு. யாரும் சாக மாட்டாங்க, ராத்திரி போன் வராது, காசு கொட்டும்!’’

பந்தியே தலையாட்டியது. பையன் மட்டும் என் பக்கம் சாய்ந்து, ‘‘நிஜமாவே ஸ்கின்ல அவ்ளோ காசா அண்ணே?’’ என்றான்.

பாயசம் வருவதற்குள் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால்தான் இங்கே, உங்களிடம். மெடிக்கல் காலேஜ் ஆட்கள் மட்டும் படிக்கிற விஷயம்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. பில் கட்டப்போவது நீங்களும் நானும்தான்!

முதலில் நேர் பதில். ஆமாம், காசு இருக்கு. அமெரிக்காவில் மெட்ஸ்கேப் என்ற நிறுவனம் வருஷா வருஷம் டாக்டர்களிடமே கேட்டு வருமானக் கணக்கு வெளியிடுகிறது. 2023-ல் வந்த கணக்குப்படி, அங்கே தோல் டாக்டரின் சராசரி வருட வருமானம் 4 லட்சத்து 43 ஆயிரம் டாலர். குழந்தைகள் டாக்டருக்கு 2 லட்சத்து 51 ஆயிரம். எலும்பு டாக்டர் 5 லட்சத்து 73 ஆயிரம், பிளாஸ்டிக் சர்ஜன் 6 லட்சத்து 19 ஆயிரம். ஆக, தோல் முதலிடம் இல்லை. ஆனால் முதலிடத்தில் இருப்பவர்கள் ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். தோல் டாக்டர் பெரும்பாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். பெரியப்பா சொன்னதன் சூட்சுமம் அதுதான்.

நம்ம ஊர் கதையும் கிட்டத்தட்ட இதேதான். நீட் பி.ஜி. கவுன்சிலிங்கைப் பாருங்க. டாப் ரேங்க் ஆட்கள் போட்டி போட்டு எடுப்பது ரேடியாலஜி, ஜெனரல் மெடிசின், டெர்மட்டாலஜி. அனாட்டமி, பயோகெமிஸ்ட்ரி சீட்டுகள் ஆள் இல்லாமல் கிடக்கும். 2023-ல் காலி சீட்டை நிரப்ப கட்-ஆஃப் பர்சன்டைலை பூஜ்யத்துக்கே இறக்கினாங்கன்னா பார்த்துக்கங்க.

தோலில் மட்டும் அப்படி என்ன விசேஷம்? கணக்கு சிம்பிள்.

ஒண்ணு, வயசு. இதய டாக்டர் ஆக எம்.டி.க்குப் பிறகு டி.எம். இன்னும் 3 வருஷம். தோலுக்கு எம்.டி.யே போதும். நண்பன் இன்னும் ஹாஸ்டல் மெஸ்ஸில் இருக்கும்போது நீங்க கிளினிக் போர்டு மாட்டிடலாம்.

ரெண்டு, ஆரம்பச் செலவு. தியேட்டர் வேண்டாம், ஐ.சி.யூ. வேண்டாம். ஒரு அறை, ஒரு நல்ல விளக்கு இருந்தால் பிராக்டீஸ் ஆரம்பிக்கலாம்.

மூணாவதுதான் முக்கியம். லேசர், பீலிங், போட்டாக்ஸ், முடி நடுவது இதெல்லாம் நோய்க்கான வைத்தியம் இல்லை, ஆசைக்கான சர்வீஸ். இன்ஷூரன்ஸ்காரன் கொடுக்க மாட்டான், அதனால் ரேட்டில் மூக்கை நுழைக்கவும் மாட்டான். கஸ்டமர் கையிலிருந்து நேராக கேஷ். அதுவும் ஒரு தடவை இல்லை, ஆறு சிட்டிங், எட்டு சிட்டிங். (லேசர் மெஷின் வாங்கின பல லட்சத்துக்கு மாசா மாசம் இ.எம்.ஐ. கட்டுகிற டாக்டரைக் கேளுங்க, இன்னொரு கதை சொல்வார்!)

இப்போ அப்படியே அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. தமிழ்நாட்டில் உதவி மருத்துவராக வேலைக்குச் சேர்ந்தால் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். முகப்பரு பார்த்தாலும் அதே 56,100-தான், மூச்சுத் திணறும் குழந்தையைப் பார்த்தாலும் அதே 56,100-தான். அப்போ தோலுக்கு வெளியே கிடைக்கும் காசு, படிப்புக்கான விலையும் இல்லை, வைத்தியத்துக்கான விலையும் இல்லை. முகத்துக்கு நாம வைத்திருக்கிற விலை!

இதையெல்லாம் அந்தப் பையனிடம் மண்டப வாசலில் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, ‘‘அப்போ ஸ்கின் வேணாங்கறீங்களா?’’ என்றான்.

அப்படிச் சொல்லவே இல்லை. அந்த டிகிரியோட முழுப் பெயர் என்னன்னு கேட்டேன். எம்.டி. டி.வி.எல். டெர்மட்டாலஜி, வெனிரியாலஜி, லெப்ரசி. தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய். மூணு எழுத்தில் காசு கொட்டுவது முதல் எழுத்தில் மட்டும். அதிலும் பாதியில்!

கடைசி எழுத்தைப் பாருங்க. தொழுநோய் ஒழிஞ்சு போச்சுன்னு நம்மில் பலர் நினைக்கிறோம். 2005-ல் தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்கும் கீழே வந்துவிட்டது உண்மைதான். ஆனால் 2023-ல் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். உலகக் கணக்கில் இது பாதிக்கும் மேல். மாத்திரை இலவசம். 6 மாசமோ, 12 மாசமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் குணம். வெளிறிய, உணர்ச்சி இல்லாத ஒரு தேமலை ஆரம்பத்திலேயே பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். விட்டுவிட்டால் நரம்பு போகும், விரல் மடங்கும். மடங்கின விரலை ஆபரேஷன் மூலம் மறுபடி வேலை செய்ய வைக்கலாம் என்று 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் ஆரம்பித்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோய்க்கென்றே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் செங்கல்பட்டில் இருக்கிறது. இதுவும் ‘ஸ்கின்’தான் பாஸ்!

‘யாரும் சாக மாட்டாங்க’ என்பதும் சும்மா. மாத்திரை ஒத்துக்காமல் உடம்பு முழுக்கத் தோல் உரிந்து வருகிற கேஸ் இருக்கிறது. தீக்காயம் மாதிரி. அன்னைக்கு ராத்திரி தோல் டாக்டருக்கும் தூக்கம் கிடையாது.

நீங்க டாக்டருக்குப் படிக்கவில்லையா? உங்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளையாகணும்னு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே கேட்டு வாங்கும் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அப்படியும் கேட்கிறோம், கொடுக்கிறார்கள். முதல் மாசம் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு பொரிந்து, கிரீமை நிறுத்தினால் எரியும். கடைசியில் கிளினிக் வாசலில் போய் நிற்போம். தோல் டாக்டரின் வருமானத்தில் நம்ம பங்கும் இருக்கு, இல்லையா?

காசு சம்பாதிக்கணும்னு ஆசைப்படுவது தப்பே இல்லை. கடன் வாங்கிப் படிக்க வைத்த அப்பா இருக்கார், கல்யாணத்துக்குத் தங்கை இருக்கா. ராத்திரி வீட்டில் இருக்கணும் என்பதும் நியாயமான ஆசைதான். ஆனால் முப்பது வருஷம் தினமும் யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? அதை எந்த சர்வேயும் டாலரில் போடாது.

அதனால் பையனிடம் ஒண்ணே ஒண்ணு சொன்னேன். ‘‘கவுன்சிலிங்கில் சாய்ஸ் லாக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு நாள் லீவு போடு. ஒரு காலை அரசு ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.யில் உட்கார். படர்தாமரை, சொரியாசிஸ், பயந்துபோய் வர்ற ஒரு தேமல்காரர், எல்லாரையும் பாரு. இன்னொரு ராத்திரி குழந்தைகள் வார்டில் இரு. எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்க்க மறந்தியோ, அதை எடு.’’

நேற்று போன் பண்ணினான். தோல் ஓ.பி. முடிந்ததாம். குழந்தைகள் வார்டு இந்த வாரமாம்.

‘‘தோல் ஓ.பி. எப்படிடா இருந்தது?’’

‘‘பெரியப்பா சொன்ன மாதிரி இல்லண்ணே. அதான் இப்போ குழப்பமா இருக்கு!’’

நல்ல குழப்பம். பெரியப்பாவிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்லாதீங்க!