சித்தப்பாவின் மக்காச்சோளமும் எலும்புத்தூளும்

ரெண்டு நாளா ஒரே கடுப்பு. அதான் இந்தப் பதிவு. உரத்தைப் பத்தி எழுதப்போறேன், மூக்கைப் பிடிச்சிக்கிட்டு ஓடறவங்க இப்பவே ஓடிடலாம் :-)

கோவில்பட்டிப் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கரிசக்காடு. டி.ஏ.பி. கிடைக்காத ஒரு புரட்டாசியில, கடைக்காரர் பேச்சைக் கேட்டு எலும்புத்தூளை அடியுரமாப் போட்டு மக்காச்சோளம் விதைச்சார். மூணே வாரத்துல இலை ஓரமெல்லாம் ஊதா. பயிர் மணிச்சத்துக்கு ஏங்குதுன்னு அர்த்தம். போட்ட காசு கூடத் திரும்பலை. அன்னிலேர்ந்து கழிவுல செஞ்ச உரம்னு யார் சொன்னாலும் மனுஷன் எகிறுவார்.

எனக்குக் கோபம் சித்தப்பா மேல இல்லை மக்களே. "கழிவுப் பாஸ்பரஸ் எல்லாமே அருமை"ன்னு விக்கறவங்க மேலயும், "எல்லாமே ஏமாத்து"ன்னு உட்கார்ந்த இடத்துல தீர்ப்பு எழுதற மேதாவிங்க மேலயும்தான்.

எலும்புல இருக்கறது கால்சியம் பாஸ்பேட். அது கரையணும்னா மண்ணுல புளிப்பு, அதாவது அமிலம் வேணும். நீலகிரித் தேயிலைத் தோட்டத்து மண் அப்படிப்பட்டது, அங்கே அது வேலை செய்யும். கரிசல் மண்ணுல பெரும்பாலும் காரத்தன்மை 8க்கு மேல, போதாததுக்குச் சுண்ணாம்பும் சேர்ந்து கிடக்கும். அங்கே எலும்புத்தூள் கல்லு மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரே மூட்டைதான். மண்ணு மாறினா கதை மாறுது.

அடுத்தது ஸ்ட்ரூவைட். சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக் குழாய்களை அடைச்சு உயிரை வாங்கின உப்பு இது. இப்போ மெக்னீசியம் சேர்த்து வேணும்னே படிய வெச்சு உரமா எடுக்கறாங்க. சுத்தமான ஸ்ட்ரூவைட்டில் பாஸ்பரஸ் 12.6 சதம், தழைச்சத்து 5.7 சதம், கூடவே மெக்னீசியமும் உண்டு. "தண்ணியில கரையவே மாட்டேங்குது, இதெல்லாம் உரமா?"ன்னு கேக்கறார் ஒரு மேதாவி.

அய்யா, வேர் என்ன தண்ணி டம்ளரா? வேர் தானே அமிலங்களைக் கசிய விட்டுச் சத்தைக் கரைச்சு எடுத்துக்கும். அமில மண்ணுலயும் நடுத்தர மண்ணுலயும் ஸ்ட்ரூவைட் பல சோதனைகள்ல சூப்பர் பாஸ்பேட்டுக்குச் சமமா நின்னிருக்கு. குறையும் இருக்கு, மறைக்கலை. குருணையாப் போட்டா இளம்பயிருக்கு மெதுவாத்தான் கிடைக்கும். சுண்ணாம்பு மண்ணுல இன்னும் மந்தம். அதுக்குத்தான் பொடியாப் போடறதும், கொஞ்சம் டி.ஏ.பி. கலந்து போடறதும். முதல் பசிக்கு டி.ஏ.பி., பிற்பாட்டுக்கு ஸ்ட்ரூவைட்.

அதுக்காக எல்லாத்துக்கும் வக்காலத்து வாங்கலை. இரும்பு உப்பு போட்டுப் படிய வெச்ச சாக்கடைச் சகதியில பாஸ்பரஸ் நிறையத்தான் இருக்கும். ஆனா இரும்பு அதை இறுக்கிப் பிடிச்சிருக்கும், பயிருக்கு எட்டறது கொஞ்சம்தான். சகதியை எரிச்ச சாம்பலும், மேற்கொண்டு பக்குவம் பண்ணாட்டி அதே கதைதான். "மொத்தப் பாஸ்பரஸ் இவ்வளவு"ன்னு காட்டி இதை விக்கறது, பூட்டின பெட்டியைக் கையில கொடுத்துட்டு உள்ளே பணம் இருக்குங்கற மாதிரி.

ஏன் இவ்வளவு கத்தறேன்? உலகத்துப் பாஸ்பேட் பாறை இருப்புல சுமார் 70 சதம் மொராக்கோ கையில. நமக்கு ராஜஸ்தான்ல கொஞ்சம் இருக்கு, மத்தபடி இறக்குமதிதான். 2021ல சீனா ஏற்றுமதியை இறுக்கினதும் உலகச் சந்தையே ஆடிப்போச்சு. ஜெர்மனி 2017லயே சட்டம் போட்டாச்சு, பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் 2029லேர்ந்து சகதியில இருக்கிற பாஸ்பரஸை மீட்டாகணும். நாம தின்ன சோத்துல இருந்த மணிச்சத்தை ஆத்துல கலந்துட்டு, கப்பல் எப்போ வரும்னு காத்திருக்கோம்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. எந்த மண்ணுக்கு ஆகும், எந்த மண்ணுக்கு ஆகாதுன்னு மூட்டை மேல பெரிய எழுத்துல தமிழ்ல போடுங்க. அந்த ஒரு வரி இருந்திருந்தா சித்தப்பாவுக்கு ஒரு வெள்ளாமை மிஞ்சியிருக்கும். நல்ல உரம் எதுவும் கெட்ட பேர் வாங்கியிருக்காது.

டிஸ்கி: சித்தப்பா மண் பரிசோதனைக்கு ஒத்துக்கிட்டார். ஸ்ட்ரூவைட் பேச்சை எடுத்தா மட்டும் இன்னும் செருப்பைத் தேடறார்.