மூடியில 58, உள்ள 54

வர்தா புயல்ல, 2016 டிசம்பர்ல, சாய்ஞ்ச வேப்பமரத்தை அறுக்க பூந்தமல்லி பக்கம் ஒரு கடையில மெஷின் ரம்பம் வாங்கினேன். மூடியில கொட்டை எழுத்துல 58. கடைக்காரர் அதுதான் சிசின்னு சத்தியம் பண்ணாத குறை.

பிரிச்சப்ப அளந்தேன். சிலிண்டர் போர் 4.5 சென்டிமீட்டர், ஸ்ட்ரோக் 3.4. கணக்கு: 4.5 × 4.5 × 3.4 × 0.785. வந்தது 54 சிசி. நாலு சிசி போனாப் போகுது, பொய் எதுக்குங்க?

பெரிய கம்பெனி நம்பரும் சிசி இல்லை. ஸ்டில் எம்எஸ் 180-க்கு 31.8 சிசி, ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பிக்கு 70.7. ஆனா அவங்க சிசியைத் தனியா அச்சடிச்சுத் தர்றாங்க.

அம்பத்தூர், ஆவடியில மெஷின் தேடுறவங்களே, "பெரிய நம்பர் குடு"ன்னு கேக்காதீங்க. (வீட்டு முருங்கைக்கு அரிவாளே போதும்.) சிசி, கிலோவாட் ரெண்டையும் பில்லுல எழுதி வாங்குங்க. எழுத மாட்டேங்கிற கடைப்படியை நான் இப்ப மிதிக்கிறதில்லை.