அரைப்பேரும் நுழைவுச்சீட்டும்

தமிழ்ப் பண்டிதனுக்கும் மோட்டார்ப் பந்தயத்துக்கும் என்ன உறவு என்று இப்பகுதியின் வாசகர் வினவக்கூடும். வினா நியாயமானதே. இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒரு வண்டியை மற்றொரு வண்டியினின்று வேறுபடுத்தி அறியவும் மாட்டேன். ஆயினும் என் மாணவரின் குறிப்பேடுகளைத் திருத்தும்போதெல்லாம் அவற்றின் பின் அட்டைகளில் பந்தய வண்டிகளின் படங்களையே காண்கிறேன். சித்திரை நெருங்கினால் வகுப்பிற் பாதிப் பேருக்குச் செவி மட்டுமே பாடத்தில் இருக்கும். மனம் மலைக்கு அப்பால் உறுமும் எந்திரங்களோடு ஓடிக்கொண்டிருக்கும். மாணவரின் மனம் எங்கே செல்கிறதோ அங்கே ஆசிரியனும் ஒருமுறையேனும் சென்று வருதல் கடன் என்பது என் கொள்கை.

மலைநாட்டுக்கு இப்பந்தயங்கள் புதியன அல்ல. நுவரெலியாவை அடுத்த மஹகஸ்தோட்டையில் மலையேற்றப் பந்தயம் தொடங்கிய ஆண்டு 1934. அன்று அது துரைமாரின் பொழுதுபோக்கு. எங்கள் முன்னோர் தேயிலைச் செடிகளுக்கிடையே நின்று, கூடையைத் தோளில் தாங்கியபடியே, தார்ச்சாலையில் ஏறிச் செல்லும் வண்டிகளைக் கண்டிருப்பர். அவர்களிடம் எவரும் சீட்டுக் கேட்கவில்லை; அவர்களை எவரும் பார்வையாளராக எண்ணவும் இல்லை. பின்வந்த காலத்தில் மண்தடப் பந்தயம் பெருகிற்று. ஒரு வெளியை வளைத்து மண்ணாலே தடம் அமைத்து, மேடுகளும் வளைவுகளும் வைத்து, மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் ஓடவிடுவது இது. மலைச்சாலையில் வண்டி ஒருமுறை கடந்து மறையும்; மண்தடத்திலோ அது சுற்றிச்சுற்றி நம் கண்முன்னேயே வரும். ஆதலின் இங்கே பார்வையாளன் வழிப்போக்கன் அல்லன். அவன் அழைக்கப்பட்டவன், காசு கொடுத்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய பந்தயம் ஒன்றுக்குச் சென்றேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பன இங்கு வேண்டா. ஒருவரைப் பழிப்பது என் நோக்கமன்று. என்னை அழைத்துச் சென்றவர் என் பழைய மாணவர். இன்று தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிற் பணிபுரிகிறார். அவருடைய மனைவியார் கொழுந்து பறிப்பவர். பிள்ளைகள் இருவர், மூத்தவன் எட்டு வயதினன், இளையவள் மடியில் அமரும் பருவத்தினள். வாயிலில் நான் பணத்தை எடுத்தபோது அவர் என் கையைத் தடுத்தார்.

“ஐயா, இன்றைக்கு நீங்கள் என் விருந்தாளி. நீங்கள் காசு கொடுத்தால் எனக்கு மரியாதை இல்லை.”

மடியிற் கிடக்கும் பிள்ளைக்கும் முழுச்சீட்டே விதித்தனர். குழந்தைக்குத் தனிக் கட்டணம் இல்லையா என்று கேட்டதற்கு, “தலைக்கு ஒரு சீட்டு” என்ற விடையே கிடைத்தது. ஐந்து தலைகளுக்கு அவர் கொடுத்த தொகை, அவர் மனைவியார் மூன்று நாட்களுக்கு மேல் மலையில் நின்று ஈட்டிய கூலி.

அத்தொகைக்கு அவர்கள் கண்டது யாது? எமக்கென்று விடப்பட்ட சரிவின் முன்னே விளம்பரத் துணிகளைத் தட்டியாகக் கட்டியிருந்தனர். தடத்துக்கு நீர் தெளிக்கவில்லை. முதற் சுற்றிலேயே செம்புழுதி எழுந்து சரிவை மூடிற்று. வண்டிகளை ஓசையால் அறிந்தோமேயன்றிக் கண்ணாற் கண்டிலோம். பெண்கள் ஒதுங்குவதற்கு ஓர் இடம் இல்லை, குடிநீர் இல்லை. ஒலிபெருக்கி இடைவிடாது பேசிற்று; ஆனால் ஒரு சொல்லேனும் தமிழில் இல்லை. மாலையில் பஸ்ஸில் திரும்புகையில் சிறுவன் என்னிடம், “தாத்தா, யார் வென்றது?” என்று கேட்டான். நான் அவன் தந்தையைப் பார்த்தேன். அவர் தம் மனைவியைப் பார்த்தார். மூவருக்கும் தெரியவில்லை.

அவ்வினாவே இக்கட்டுரையை எழுதச் செய்தது.

விலை வேறு, மதிப்பு வேறு. விலை என்பது கொடுப்பவன் கையிலிருந்து போவது. மதிப்பு என்பது அவன் மனத்தில் வந்து தங்குவது. ஒரு சீட்டின் விலை மிகுதியா குறைவா என்று ரூபாக் கணக்கில் மட்டும் சொல்ல இயலாது. யாருடைய கையிலிருந்து போகிறது என்பதையும் கேட்டல் வேண்டும். கொழும்பிலிருந்து சொந்தக் காரில் வருபவர்க்கு அது ஒரு வேளைத் தேநீர்ச் செலவு. தோட்டத்துக் குடும்பத்துக்கு அது வேறு. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாவாக விதிக்கப்பட்டது 2021ஆம் ஆண்டில். அதற்காக நடந்த போராட்டங்கள் எத்தனை என்பதை இம்மலைகள் அறியும். அது 1350 ரூபாவாக உயர்ந்தது 2024ஆம் ஆண்டில். அந்தக் கூலியும் விதித்த அளவு கொழுந்து பறித்தாற்றான் முழுமையாகக் கிட்டும். மழையிலோ நோயிலோ நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ என்று எழுதிவிடுவர். பேர் என்பது இங்கே ஒரு மனிதனின் பெயரன்று, ஒரு நாளின் உழைப்பு. அந்தப் பேரைப் பாதியாக வெட்டுவதே அரைப்பேர்.

ஆதலின் நான் ஓர் அளவுகோலை முன்வைக்கிறேன். மலைநாட்டில் நடக்கும் எப்பந்தயத்திலும் கலரிச் சீட்டின் விலை ஓர் அரைப்பேருக்கு மேற்படலாகாது. ஒருவர் அரைநாள் உழைப்பைக் கொடுத்து ஒரு நாள் மகிழ்ச்சியைப் பெறட்டும். அதற்கு மேற் கேட்பது முறையன்று. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டே வேண்டா. கூலி உயருங்கால் சீட்டும் உயரலாம். அதனை எவரும் குறை கூறார். கூரையின் கீழ் நாற்காலி வேண்டுவோரிடம் எத்துணை வேண்டுமாயினும் பெறுக. அவர் கொடுக்கும் மிகுதி கலரியின் குறைவை ஈடு செய்யட்டும்.

நடத்துவோர் பக்கத்து நியாயத்தையும் நான் மறந்தேன் அல்லன். தடம் அமைத்தல், நீர் வண்டி, மருத்துவ ஊர்தி, தீயணைப்போர், காப்புறுதி, பரிசு என்று செலவுகள் பல. சீட்டின் விலையில் ஒரு பகுதி உள்ளூராட்சி மன்றத்துக்குக் கேளிக்கை வரியாகவும் செல்லும். “இவ்வளவையும் எங்கிருந்து கொண்டு வருவோம்?” என்று அவர்கள் கேட்டால் அது வெறுங்கேள்வியன்று. எனினும் நான் அவர்களைத் திருப்பிக் கேட்பது இது: அச்செலவுகளைச் சொல்லிப் பெற்ற காசு அச்செலவுகளுக்குச் சென்றதா? நீர் வண்டிக்கென்று என் மாணவர் கொடுத்த பங்கு எங்கே? தடத்தில் நீர் விழுந்திருந்தால் அச்சிறுவனுக்கு வென்றவன் யாரென்று தெரிந்திருக்கும்.

காண்பவனின் கண்ணைப் பேணுதல் நமக்குப் புதிய கருத்தன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் அரங்கை அமைக்கும் முறையைக் கூறும் இளங்கோவடிகள், மண்ணைத் தேர்வதிலிருந்து அளவுகோல் வரை விரித்துரைக்கிறார். தூண்களின் நிழல் ஆடரங்கில் விழாதவாறு விளக்கை நிறுத்த வேண்டும் என்பதையும் மறவாமற் சொல்கிறார். நிழல் விழுந்தால் ஆடுபவளுக்கு நட்டமில்லை, காண்பவனுக்கே நட்டம். ஒரு தூணின் நிழலுக்கே அத்துணை கவலை கொண்ட மரபில் வந்த நாம், ஒரு சரிவு முழுவதையும் புழுதிக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு முழுச்சீட்டுப் பெறுவது தகுமோ?

அமெரிக்க நாட்டிலே மண்தடப் பந்தயம் சிற்றூர் மக்களின் வார விழாவாகவே வளர்ந்திருக்கிறது. ஒகையோ மாநிலத்து எல்டோரா என்னும் களிமண் தடம் 1954ஆம் ஆண்டு தொடங்கியது. இன்றும் புகழோடு விளங்குகிறது. பந்தயம் முடிந்தபின் ரசிகர்கள் வண்டிகள் நிற்கும் இடத்துக்கே சென்று ஓட்டுநரோடு கைகுலுக்குவது அந்நாட்டுத் தடங்கள் பலவற்றில் வழக்கம். மழையால் ஆட்டம் நின்றால் அதே சீட்டோடு வேறொரு நாள் வரலாம் என்னும் ஏற்பாடும் அந்நாட்டு விளையாட்டரங்குகளில் நெடுங்காலமாக உண்டு. மழையும் மூடுபனியும் நாள்தோறும் விருந்தாளியாக வரும் நம் மலைநாட்டுக்கு இதனினும் பொருத்தமான வழக்கம் வேறு யாது?

இதுவரை கண்ணையும் காசையும் பற்றியே பேசினேன். அவற்றினும் பெரிதொன்று உண்டு. அதனைச் சொல்லாது விடின் இக்கட்டுரைக்கே பொருள் இல்லை.

கொட்டகலை நிலையம் எந்த இருப்புப்பாதையில் உள்ளதோ அதே பாதையிற்றான் தியத்தலாவையும் உள்ளது. அங்குள்ள பொக்ஸ் ஹில் மண்தடத்தில் ஐந்து ஆண்டு இடைவெளிக்குப்பின் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பெரும் பந்தயம் நடந்தது. பொதுமக்களுக்கு அன்று அனுமதி இலவசம். மக்கள் திரளாகக் கூடினர். கார் ஒன்று தடத்தின் ஓரத்தில் புரண்டது. வேகத்தைக் குறைக்குமாறு மஞ்சட் கொடிகளை அசைத்துக்கொண்டிருக்கையிலேயே மற்றொரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துட் புகுந்தது. ஏழு உயிர்கள் போயின. அவர்களுள் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

அச்செய்தியைப் படித்த அன்று, “யார் வென்றது?” என்று கேட்ட எட்டு வயதுச் சிறுவனையே நினைத்தேன்.

இலவசம் என்றால் மகிழ்பவன் ஏழை. அவனே முதலில் வருவான், முன்வரிசையில் நிற்பான். ஆனால் ‘இலவசம்’ என்னும் சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. சீட்டு வாங்காதவனுக்கு நாம் எதற்கும் பொறுப்பில்லை என்று நடத்துவோர் எண்ணக்கூடும். சும்மா வந்த நாம் எதைக் கேட்பது என்று வந்தவனும் எண்ணக்கூடும். இரண்டும் பிழை. 1955ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்தினுள் சிதறி எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர் மாண்டனர். 1957ஆம் ஆண்டு இத்தாலியின் மில்லே மில்லியாவில், பொதுச் சாலையோரத்தில் நின்றிருந்த ஒன்பது பார்வையாளர் மாண்டனர், ஐவர் குழந்தைகள். சீட்டு வாங்கி அமர்ந்தோரும் சாலையில் சும்மா நின்றோரும் ஒரே விதமாகவே மாண்டனர். பாய்ந்து வரும் கார் எவர் கையிலும் சீட்டைத் தேடுவதில்லை.

தமிழகத்து ஏறுதழுவலை நோக்குக. கலித்தொகை பாடும் காலத்திலேயே பரண் அமைத்து அதன்மீதிருந்து கண்டனர். சீறிவரும் விலங்குக்கும் காண்பவர்க்கும் இடையே ஓர் உயரம் வேண்டும் என்பதை அந்நாள் ஆயர் அறிந்திருந்தனர். இந்நாளிலும் ஜல்லிக்கட்டுக் களத்தில் பார்வையாளரைப் பிரிக்கும் இரட்டைத் தடுப்பு விதியாகவே உள்ளது. காளைக்கு இரட்டை வேலி வேண்டுமெனில், அதனினும் பன்மடங்கு எடையும் விரைவும் உடைய காருக்கு ஒரு கயிறும் ஒரு துணியும் போதுமோ?

தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளுள் மருட்கையும் பெருமிதமும் உவகையும் உள்ளன. பந்தயம் தரவேண்டியவை அவை. அச்சமும் அழுகையும் அதே பட்டியலில் இருப்பினும், அவற்றை வாங்க எவரும் வாயிலில் நிற்பதில்லை.

ஆகவே நுழைவுச்சீட்டு என்பது வெறும் தாளன்று. நடத்துவோர் எழுதிக் கொடுக்கும் வாக்கு. நீ காண்பாய், நீ கேட்டு அறிவாய், நீ உயிரோடு வீடு திரும்புவாய் என்னும் மூன்றும் அதில் எழுதாமல் எழுதப்பட்டுள்ளன. சீட்டு இலவசமாயின் முதலிரண்டில் சிறிது குறைவைப் பொறுக்கலாம். மூன்றாவதில் ஒரு நூலிழையும் குறைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. கேளிக்கை வரியைப் பெறும் உள்ளூராட்சி மன்றங்கள், பெறுமுன் தடுப்புகளையும் குடிநீரையும் ஒதுக்கிடங்களையும் நேரிற் கண்டு ஒப்பமிடல் வேண்டும். மலைநாட்டுப் பந்தயங்களின் அறிவிப்பில் தமிழும் ஒலித்தல் வேண்டும்.

என் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். பந்தயத்துக்குப் போகாதே என்று மாணவரைத் தடுப்பதால் பயன் இல்லை, அவர்கள் போவர். போகும்போது எங்கே நிற்பது, எங்கே நிற்கலாகாது என்று கற்பிப்போம். வாயிலில் என்ன கேட்க வேண்டும் என்பதையும் கற்பிப்போம். காசு கொடுத்தவன் கேள்வி கேட்பது இழிவு என்னும் எண்ணம் நம் மக்களிடம் நெடுநாள் ஊறிவிட்டது. பெரட்டுக் களத்தில் அரைப்பேர் எழுதியபோது வாய் திறவாதிருந்த பழக்கம், பந்தயக் களத்தின் வாயிலிலும் தொடர வேண்டுவதில்லை.

அந்தச் சிறுவன் இப்போது வளர்ந்திருக்கிறான். அடுத்த சித்திரையில் மீண்டும் அழைத்துச் செல்லுமாறு என்னைக் கேட்டிருக்கிறான். இம்முறை சீட்டுக்கு நான்தான் கொடுப்பேன் என்று அவன் தந்தையிடம் சொல்லிவிட்டேன். வாயிலில் கேட்கவேண்டிய கேள்விகளையும் நானே கேட்பேன்.