காணி அரசுடையது, குப்பை யாருடையது?



ஆகஸ்ட் லீவு வருகிறது. நம்மூர்ப் பொடியன்கள் கூடாரமும் கோழியும் கட்டிக்கொண்டு கிளம்பும் காலம். சிலர் குச்சவெளி, புல்மோட்டைப் பக்கக் கடற்கரைக்கு. சிலர் கந்தளாய்க் குளத்தடிக்கு. சிலர் மூதூர்ப் பக்கம், மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்துக்கு.

போகட்டும். யுத்த காலத்தில் பொழுதுபட்டால் வீட்டு வாசலைத் தாண்டப் பயந்த மாவட்டம் இது. இன்று நம் பிள்ளைகள் கடற்கரையில் விடியும் வரை இருந்துவிட்டு வர முடிகிறது. ஹோட்டலுக்குக் கொடுக்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இது கிடைக்கிறது. இந்த நிஃமத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் எழுதுகிறோம்.

கூடாரம் கழற்றிய பிறகு அங்கே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். லன்ச் சீட், யோகட் கப், சோடாப் போத்தல், கோழி எலும்பு, பாதி எரிந்த பொலித்தீன். அடுத்த நாள் அதே மணலில் கரைவலை இழுப்பவர்கள் வெறுங்காலோடு நிற்கிறார்கள். உடைந்த போத்தல் யார் காலைக் கிழிக்கும் என்று போட்டவர் யோசிப்பதில்லை. அரச காணிதானே என்கிறோம். அரச காணி என்றால் ஆளில்லாத காணி என்று அர்த்தமில்லை. எல்லோருக்கும் பங்குள்ள காணி.

ஓர் இடம் அசிங்கமானால் முதலில் தடைப் பலகை வரும். பிறகு கம்பி வேலி வரும். நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவானது. டிக்கெட் எடுத்து, பகலில் போய், பகலிலேயே திரும்ப வேண்டும். பவளப்பாறையைக் காப்பாற்ற அது தேவை. ஆனால் மாவட்டத்தின் கரை முழுவதும் டிக்கெட் கரையாக மாறினால் கூலிவேலை செய்பவரின் பிள்ளை எங்கே போகும்?

காட்டுப் பக்கம் போடும் குப்பைக்கு வேறு கணக்கு உண்டு. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022இல் செய்தி வந்தது. சாப்பாட்டு வாசம் ஒட்டிய பொலித்தீனை யானை அப்படியே விழுங்கிவிடும். நாம் வீசும் சோற்றுப் பார்சலும் அதே வேலையைத்தான் செய்யும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பாலைவனப் பள்ளத்தாக்குகள் பல பொதுக் காணிகள். அங்கே பல இடங்களில் காசு கட்டாமல் 14 நாள் வரை கூடாரம் அடிக்கலாம். குப்பைத் தொட்டி கிடையாது, கூட்டிப் பெருக்க ஆளும் கிடையாது. கொண்டுபோனது அத்தனையையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். காய்ந்த மண்ணில் எதுவும் இலேசில் உக்காது என்பதால், சில பள்ளத்தாக்குகளில் மலத்தைக்கூடப் பையில் கட்டி வெளியே எடுத்து வரவேண்டும் என்று விதி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நிழலிலும் பாதையிலும் நீர்நிலையிலும் மலசலம் கழிக்கக் கூடாது என்று இஸ்லாம் பாடத்தில் நாமும்தான் படித்துக் கொடுக்கிறோம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானில் ஒரு பகுதி என்றும் படித்துக் கொடுக்கிறோம். பரீட்சைத் தாளில் எழுதிய பிள்ளை கடற்கரையில் அதைச் செய்து காட்டினால்தான் அது பாடம்.

ஆகவே லீவில் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்:

வனவள, வனஜீவராசிகள் திணைக்களங்களின் எல்லைக்குள் அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம். எந்த இடம் யாருடையது என்று தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் காட்டோரம் நெருப்பு மூட்ட வேண்டாம். மணலில் மூட்டினால் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். மணலால் மூடினால் தணல் உள்ளே கிடக்கும். காலையில் ஓடிவரும் சின்னப்பிள்ளையின் பாதம் வெந்துவிடும்.

ஆற்று முகத்துவாரத்தில் முதலை உண்டு. தண்ணீருக்குத் தள்ளிப் படுங்கள். தோணியில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் நடந்ததை மறந்த வீடு கிண்ணியாவில் இல்லை.

இரண்டு உரப்பை கொண்டுபோங்கள். ஒன்று உங்கள் குப்பைக்கு, மற்றது முன்பு வந்தவர் விட்டுப்போன குப்பைக்கு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகன் போகிறான் என்றால் எங்கே, யாரோடு, எப்போது திரும்புவான் என்று கேட்டு எழுதி வையுங்கள். மகள்களையும் மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கும் வானமும் கடலும் உண்டு. குடும்பமாக ஒரு நாள் கூட்டிப்போங்கள். இந்நாட்டில் சாரணர் இயக்கம் 1912இலேயே தொடங்கிவிட்டது. நம் பாடசாலைகளில் சாரணர் அணியும் பெண் சாரணியர் அணியும் பெயரளவில் இல்லாமல் இயங்கினால், கூடாரம் அடிப்பதை முறையாகப் பழக்க வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் விளையாட்டுக் கழகங்களும் லீவுக்கு முந்திய ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இதைச் சொல்லட்டும். நாம் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்கிறோம். வேலி வந்த பிறகு கோரிக்கைக் கடிதம் எழுதுவதைவிட, வேலி போட யாருக்கும் காரணம் கொடுக்காமல் இருப்பது இலேசு.