காலி டேங்க்தான் பயம்

பழைய புரொப்பேன் டேங்கை வெட்டி உலை, விறகடுப்பு, மணி என்று செய்து அமெரிக்கப் பட்டறைக்காரர்கள் வீடியோ போடுகிறார்கள். என் பேரன் அனுப்புகிறான். கனத்த தகடு, உருண்டை அடி. சின்ன உலைக்குத் தோதான கூடு. எனக்கும் ஆசைதான்.

நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் மட்டும் கை வைக்காதீர்கள். அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நாம் கட்டியது டெபாசிட்.

வேறு டேங்க் கிடைத்தாலும் என் கட்சி ஒன்றுதான்: காலி டேங்கை வெறும் டேங்க் என்று நினைக்கக் கூடாது. மிச்ச வாயுவும் உள்ளே புகுந்த காற்றும் கலந்தால், வெல்டிங் பொறி ஒன்று போதும். புரொப்பேன் காற்றைவிடக் கனம். வால்வைத் திறந்து வைத்தாலும் அடியில் தங்கும். நாற்றம் இல்லையே என்றும் இருக்க முடியாது. நாற்றத்துக்காகச் சேர்க்கும் மெர்காப்டான் துருவேறிய டேங்கில் மங்கிவிடும்.

வெட்டவெளியில் அழுத்தம் முழுக்க இறங்கியபின் வால்வைக் கழற்றி, வாய்வரை தண்ணீர் நிரப்பிக் கொட்டி, சோப்புத் தண்ணீரில் அலசி, மறுபடி நிரப்பிக் கொட்டிய பிறகே வெட்ட வேண்டும். "அரை நாள் வீணாகுமே சார்" என்பார்கள் பட்டறைப் பையன்கள். ஆகட்டுமே. அரை நாள் கூலியை நான் தருகிறேன் என்றுதான் சொல்வேன்.