நொதிக்குக் காப்புரிமை உண்டா?

கேள்வி: நெல்லில் இலையுறை கருகலுக்கு மருந்து கேட்டால், “பூஞ்சாணத்தின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள நொதியை அடக்கும் மருந்து, காப்புரிமை பெற்றது, அதனால்தான் இந்த விலை” என்கிறார் கடைக்காரர். இயற்கையில் உள்ள நொதிக்குக் காப்புரிமை தருவார்களா? அதே மருந்து வேறு கம்பெனியில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் வாங்கலாமா?
– ஒரு விவசாயி, கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பதில்: நொதிக்குக் காப்புரிமை கிடையாது. இயற்கையில் உள்ள பொருளைக் கண்டறிவது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு. அந்த நொதியை அடக்க மனிதர் புதிதாக உருவாக்கிய மருந்துக்குக் கிடைக்கும். அதுவும் 20 ஆண்டுகளுக்கு மட்டும்.

மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் உணவை எரித்துச் சக்தி தரும் அடுப்பு. பைன் மரக் காய்களில் முளைக்கும் ஒரு சிறு காளான், மற்றப் பூஞ்சாணங்களை அழிக்கும் ஸ்ட்ரோபிலூரின் என்ற பொருளைச் சுரக்கிறது. இதை 1977-இல் ஜெர்மனியின் ஆங்கே, ஷ்டெக்லிக் ஆகியோர் வெளியிட்டனர். அடுப்பின் ஒரு முக்கிய நொதியை அது முடக்குவது பின்னர் தெரியவந்தது. ஆனால் வெயில் பட்டால் அது சிதைந்துவிடும். வெயிலைத் தாங்கும்படி கம்பெனிகள் மாற்றி அமைத்த மருந்துகளில் ஒன்றுதான் 1996-இல் விற்பனைக்கு வந்த அசாக்ஸிஸ்ட்ரோபின். காப்புரிமை பெற்றது காளானோ நொதியோ அல்ல, மாற்றி அமைத்த அந்த மருந்துதான்.

நம் நாட்டில் 2005 ஜனவரி 1 வரை பயிர் மருந்துகளுக்குச் செய்முறைக் காப்புரிமை மட்டுமே உண்டு, பொருளுக்குக் கிடையாது. அசாக்ஸிஸ்ட்ரோபினின் அடிப்படைக் காப்புரிமைக் காலம் வெளிநாடுகளிலும் முடிந்துவிட்டது. அதனால் பல கம்பெனிகள் அதை விற்கின்றன. புதிய கலவைகளுக்குத் தனிக் காப்புரிமை இருக்கலாம்.

ஆகவே விலை குறைவு என்பதால் மட்டும் போலி ஆகிவிடாது. மருந்தின் பொதுப்பெயர், சதவீதம், பதிவு எண், தொகுதி எண், காலாவதி தேதி ஆகியவற்றைப் பாருங்கள். ஏக்கருக்கு ஆகும் செலவை ஒப்பிடுங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

விலையைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த மருந்துகள் நொதியின் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. அங்கே சிறு மாற்றம் வந்தாலே பூஞ்சாணம் தப்பிவிடும். ஜெர்மனியில் 1998-லேயே கோதுமைச் சாம்பல் நோய்ப் பூஞ்சாணம் எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது. அசாக்ஸிஸ்ட்ரோபின், ட்ரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபின், பைராக்ளோஸ்ட்ரோபின் எல்லாம் ஒரே வகை. கம்பெனியை மாற்றினால் மருந்தை மாற்றியதாகாது. அடுத்த தெளிப்பு தேவைப்பட்டால் வேலிடாமைசின் போன்ற வேறு வகையைப் பயன்படுத்துங்கள். அளவை லேபிளில் உள்ளபடியே கலக்குங்கள்.